பொம்மைப் படைகளும் போர் வரலாறும்

போர்புரிந்த மன்னரின் வரலாறும் போர்க்கருவிகளின் வரலாறும் நூல்களிற் பலவாறு விரித்துரைக்கப்பட்டுள்ளன. போரைச் சுருக்கி ஒரு மேசையின்மேல் நிறுத்திப் பார்த்தவர்களின் வரலாறோ பெரும்பாலும் அடிக்குறிப்பளவில் நின்றுவிட்டது. ஓர் அங்குல உயரமும் இல்லாத பிளாஸ்டிக் போர்வீரன் ஒருவனைக் கையிலெடுத்து, அவனது தொப்பியின் வடிவும் துவக்கின் நீளமும் சரியோ பிழையோ என மணிக்கணக்கில் வாதிடுவோர் இன்று பல நாடுகளிலும் உளர். வளர்ந்தோர் சிறுவர் விளையாட்டில் மயங்கினர் என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், நடந்த போரொன்று பிற்காலத்தார் மனத்தில் எவ்வடிவிற் பதிகின்றது என்பதை ஆராய்வோர்க்கு இச்சிறு பாவைகள் தரும் சான்று சிறிதன்று.

இதன் தொன்மை கூறுமிடத்து எகிப்திலிருந்தே தொடங்குதல் வழக்கம். நீலநதிக் கரையிலுள்ள அசியூத் என்னுமிடத்தில், கி.மு. 2000 அளவில் வாழ்ந்த மெசேதி என்னும் மாகாணத் தலைவனின் கல்லறையிலிருந்து மரத்தாற் செய்து வண்ணந்தீட்டிய இரு படையணிகள் கிடைத்தன. ஒன்றில் வேலும் கேடயமும் ஏந்திய எகிப்தியர் நாற்பதின்மர். மற்றையதில் வில்லேந்திய நூபியர் நாற்பதின்மர். நால்வர் நால்வராய்ப் பத்து வரிசைகளில் அவர்கள் நடந்து செல்கின்றனர். எல்லாரும் ஒரே உயரத்தினர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. செதுக்கியவன் உண்மையான படையொன்றைப் பார்த்தே செதுக்கியிருத்தல் வேண்டும். கெய்ரோ நூதனசாலையில் இன்றும் காணப்படும் இவற்றை விளையாட்டுப் பொருள் எனல் பொருந்தாது. இறந்த தலைவனுக்கு மறுமையிலும் படை துணைநிற்க வேண்டும் என்ற நம்பிக்கையின் விளைவு அவை. எனினும் படையைச் சிறிதாக்கித் தன்னுடன் வைத்துக்கொள்ளும் ஆசை எத்துணைப் பழையது என்பதற்கு அவற்றிலும் சிறந்த சான்று வேறில்லை.

ஐரோப்பாவில் பொம்மைப் படை முதலில் அரச குமாரரின் உடைமையாகவே இருந்தது. பிரான்சு நாட்டு அரண்மனையில் வெள்ளியாற் செய்த வீரர்களைக்கொண்டு இளவரசர் விளையாடினர் என்பர். வருங்கால அரசனுக்குப் போர்க்கலை கற்பித்தலே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. அக்கல்வி எப்போதும் கருதிய பயனைத் தரவில்லை என்பதற்கு இரசியாவின் மூன்றாம் பீற்றர் எடுத்துக்காட்டாகின்றார். அவர் இளவரசராயிருந்த காலத்தில் அட்டையாற் கோட்டை கட்டிப் பொம்மைப் படைகளை அதிற் காவல் வைத்திருந்தார். எலியொன்று கோட்டை மதிலில் ஏறி, மாப்பசையாற் செய்த காவல்வீரர் இருவரைத் தின்றுவிட்டது. இளவரசர் இராணுவச் சட்டத்தின்படி அவ்வெலியை விசாரித்துத் தூக்கிலிட்டு, மூன்று நாள் பலரறியத் தொங்கவிட ஆணையிட்டார். இக்கதையை எழுதிவைத்தவர் அவரது மனைவி கதரீன். 1762ஆம் ஆண்டிற் கணவனை அரியணையினின்று இறக்கித் தாமே பேரரசியானவர் அவரே. ஆதலின் கணவனைப் பேதையாகக் காட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எலி தூக்கிலிடப்பட்டது உண்மையாயிருக்கலாம். ஆயினும் சாட்சி கூறுபவர் வழக்கில் வென்ற கட்சிக்காரர் என்பதை மறத்தலாகாது. பொம்மைப் படைகளின் வரலாற்றில் இவ்வெச்சரிக்கை மீண்டும் மீண்டும் வேண்டப்படும்.

பொதுமக்களின் இல்லங்களுக்குப் படைகளைக் கொண்டுசென்ற பெருமை ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரத்தார்க்கு உரியது. கற்பலகையில் உருவத்தை எதிர்மறையாகச் செதுக்கி, இரு பலகைகளையும் பொருத்தி, உருக்கிய வெள்ளீயத்தை அவற்றினிடையே ஊற்றுவர். ஆறியபின் எடுத்தால் காசளவு தடிப்புள்ள தட்டையான வீரன் வெளிவருவான். பக்கவாட்டிற் பார்த்தால் முழு மனிதன். நேரே பார்த்தால் ஒரு கோடு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பேர்ட் குடும்பத்தார் இத்தொழிலைச் சிறப்புறச் செய்தனர். ஏழாண்டுப் போரிற் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் பெற்ற புகழே இவர்களது வாணிகத்துக்கு உரமாயிற்று. அம்மன்னரின் உருவத்தையும் அவர்கள் வார்த்து விற்றனர். 1839இல் தொழில் தொடங்கிய ஏர்ணஸ்ட் கைன்றிக்சன் பாவைகளின் உயரத்தை ஏறத்தாழ 30 மில்லிமீற்றராக வரையறுத்தார். அவ்வளவை ஏனையோரும் பின்பற்றியமையால், வெவ்வேறு பட்டறைகளில் வார்த்த படைகள் ஒரே களத்தில் எதிர்நிற்றல் இயல்வதாயிற்று. மெல்லிய மரச்சீவலாற் செய்த பெட்டிகளில் அடைத்து நிறைக்கணக்கில் அவை விற்கப்பட்டன. வீரத்தை இறாத்தலில் நிறுத்து விற்ற முதற் கடைகள் இவையே போலும்.

டென்மார்க்குக் கதாசிரியர் கான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் 1838இல் வெளியிட்ட வெள்ளீய வீரன் கதை இச்சூழலில் எழுந்தது. பழைய கரண்டியொன்றை உருக்கி வார்த்த இருபத்தைந்து வீரருள் இறுதியானவனுக்கு ஈயம் போதாமையால் ஒரு கால் இல்லாது போயிற்று என்பது கதையின் தொடக்கம். நெப்போலியனுடைய போர்கள் முடிந்து ஒரு தலைமுறையே கழிந்திருந்த அக்காலத்தில், ஒற்றைக்கால் வீரர் ஐரோப்பிய நகர வீதிகளிற் காணற்கரியராய் இருந்திலர். பட்டறைகள் வார்த்த ஆயிரக்கணக்கான வீரருள் அங்கம் இழந்தவனைக் காணல் அரிது. கதையாசிரியரே அவனுக்கு இடமளித்தார்.

இதேகாலத்திற் பொம்மைப் படை வேறொரு வழியிலும் வளர்ந்தது. இந்தியாவிற் பிறந்து, பாரசீகர் அராபியர் வழியாக ஐரோப்பா சென்ற சதுரங்கத்தை 1780இல் பிறவுண்ஸ்விக் நகரத்துக் கெல்விக் என்பார் விரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களிற் காடு, ஆறு, சதுப்பு நிலம் என வண்ணவேறுபாடு காட்டிப் போர்விளையாட்டொன்றை அமைத்தார். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படை பிரசிய அலுவலரின் மேசையில் பீரங்கிப் படையாகவும் இலகு குதிரைப் படையாகவும் மாறியது. 1812இல் றைஸ்விட்ஸ் என்னும் பிரசியப் பிரபு கட்டங்களையே நீக்கி, நிலத்தின் மேடுபள்ளங்களை உருவமைத்து மன்னருக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் அதனை 1:8000 அளவுப் படத்தில் ஆடும் விளையாட்டாகச் சீர்திருத்தினார். பகடைக்காய் போரின் தற்செயலைக் காட்டியது. நடுவர் ஒருவர் இருபக்கத்தாரின் ஆணைகளையும் பெற்று, எதிரியின் நிலையில் எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவையே வெளியிட்டார். படைத்தலைமையகத் தலைவர் முவ்ளிங் இது விளையாட்டன்று, போர்ப்பயிற்சியே எனப் பாராட்டிப் படைகளுக்குப் பரிந்துரைத்தார். மகன் றைஸ்விட்ஸ் 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்; அவர் வகுத்த முறையோ ஐரோப்பியப் படைக்கல்லூரிகளிற் பரவியது.

இனி, பொம்மைப் படைக்கும் வரலாற்றுண்மைக்கும் உள்ள தொடர்பை வில்லியம் சைபோர்ண் என்பாரின் வாழ்க்கையைப்போலத் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. இவர் ஆங்கிலப் படையில் ஒரு லெப்டினன்ட். வாட்டர்லூப் போர் 1815ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி நடந்தபோது இவர் அங்கு இருக்கவில்லை. போருக்குப் பின்னரே பிரான்சில் நிலைகொண்ட படையிற் சேர்ந்தார். நில அளவையில் வல்லவராதலின், அப்போர்க்களத்தின் மாதிரியொன்றை அமைக்குமாறு 1830இல் பணிக்கப்பட்டார். களத்தின் நடுவேயுள்ள லா ஹே சாந்த் என்னும் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, ஒவ்வொரு மேட்டையும் வேலியையும் அளந்தார். அத்துடன் நில்லாது, போரில் ஈடுபட்டு உயிரோடிருந்த அலுவலர்க்குச் சுற்றுக்கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணியளவில் உமது படையணி எங்கு நின்றது, எதிரே யார் நின்றனர், வயலில் என்ன பயிர் இருந்தது எனக் கேட்டார். நூற்றுக்கணக்கில் விடைகள் வந்தன. ஒரு போரைப்பற்றி, அதில் நின்றவர்களையே இவ்வளவு விரிவாக வினாவிய முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஆவணங்களைத் திரட்டும் எண்ணமே இல்லாத ஒருவர், ஈயப் பாவைகளை எங்கே ஒட்டுவது என அறிவதற்காகப் பெரும் ஆவணத் தொகுதியொன்றை உருவாக்கிவிட்டார்.

ஆட்சி மாறியது, 1833இல் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. சைபோர்ண் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் இலண்டன் பிக்கடிலியிலுள்ள எகிப்திய மண்டபத்தில் மாதிரி காட்சிக்கு வந்தது. ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில், ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் அமைந்த அக்களத்தில் சுமார் 75,000 பாவைகள் நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உயரம். இரண்டு வீரர்க்கு ஒரு பாவை என்பது கணக்கு. மக்கள் திரள்திரளாய் வந்து பார்த்தனர். ஆயினும் வந்த பணத்திற் பெரும்பகுதி அமைத்தவரின் கைக்குச் சேரவில்லை.

குழப்பம் பணத்தோடு முடிந்திலது. நெப்போலியனது மெய்காவற்படை இறுதித் தாக்குதல் நடத்திய வேளையே மாதிரியிற் காட்டப்பட்டது. அவ்வேளையிற் பிரசியப் படை எங்கே நின்றது? சைபோர்ண் திரட்டிய சான்றுகளின்படி, பிற்பகல் நாலரை மணியளவிலிருந்தே பிரசியர் பிளான்செனுவா ஊர்ப்பக்கமாகப் போரிட்டுக்கொண்டிருந்தனர். ஆதலின் பல்லாயிரம் பிரசியப் பாவைகளை அவர் களத்தில் நிறுத்தினார். வெலிங்டன் கோமகனைச் சூழ்ந்தோர்க்கு இது உவப்பாயில்லை. மாதிரியைப் பார்க்கும் பாமரர், வெற்றியைத் தந்தவர் பிரசியரே என எண்ணிவிடுவர் என்பது அவர்களது கவலை. கோமகனின் செயலாளராயிருந்த பிற்றோய் சொமர்செற் பிரபு இதுபற்றிச் சைபோர்ணுக்கு எழுதினார். நெடுங்கால இழுபறிக்குப் பின், தாம் பிரசியரின் நிலையைத் தவறாகக் காட்டியதாக ஏற்று, ஏறத்தாழ 40,000 வீரர்க்குரிய பாவைகளை நீக்கச் சைபோர்ண் இசைந்தார்.

பெரும்படையொன்று போர்க்களத்தினின்று பின்வாங்குதல் உண்டு. போர் முடிந்து கால் நூற்றாண்டு சென்றபின், குறட்டினாற் பிடுங்கப்பட்டு அகன்ற படை இதுவொன்றேயாகும். இதுபற்றி அறிஞர் இன்றும் ஒருமைப்பட்டிலர். பீற்றர் கொவ்சுரோவர் 2004இல் வெளியிட்ட நூலில், வெலிங்டன் தம் புகழைக் காக்கும்பொருட்டு வறிய அலுவலரொருவரை நெருக்கினார் என வாதிட்டார். ஏனையோர், சைபோர்ண் உண்மையாகவே புதிய சான்றுகளால் மனமாறினார் என்றும், போரின் மறுநாளே எழுதிய அறிக்கையில் வெலிங்டன் பிரசியரின் உதவியை வெளிப்படையாகப் பாராட்டியுள்ளார் என்றும் விடையிறுக்கின்றனர். இரண்டாவது கூற்றின் பிற்பகுதி மறுத்தற்கரியது. எனினும், வேலை தேடியும் கடனிறுக்க இயலாதும் நின்ற ஒருவர், தம் மேலோரின் விருப்பத்துக்கு மாறான சான்றை எவ்வளவு காலம் பற்றிநிற்றல் கூடும் என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. அவர் 1844இல் அப்போரின் வரலாற்றை நூலாக வெளியிட்டு, 1849இல் மறைந்தார். அவருக்கு வந்த கடிதங்களுள் ஒருபகுதியை அவர் மகன் 1891இல் அச்சிட்டார். ஏனையவை பிரித்தானிய நூலகத்தில் உள. மாதிரியோ இலண்டனிலுள்ள தேசிய இராணுவ நூதனசாலையில் இருக்கின்றது.

பொம்மைப் படை தட்டை வடிவினின்று முழுவடிவுக்கு மாறியதும் பெருவழக்காயதும் 1893இல். அவ்வாண்டில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற வார்ப்புமுறையைக் கண்டனர். உருக்கிய ஈயக்கலவையை அச்சினுள் ஊற்றி, அது அச்சின் சுவரோடு உறைந்து மெல்லிய தோலாகும் தருணத்தில் நடுவில் எஞ்சிய குழம்பை வெளியே கொட்டிவிடுதலே அம்முறை. உலோகம் மிச்சமாயிற்று, நிறை குறைந்தது, விலையும் தாழ்ந்தது. திண்ம ஈயத்தில் வார்த்து அனுப்பிய ஜேர்மானியர் போட்டியிட இயலாது போயினர். சிவப்புப் பெட்டியில் ஐந்து குதிரைவீரர் அல்லது எட்டுக் காலாட்கள் ஒரு சிலிங்குக்கு விற்கப்பட்டனர். 54 மில்லிமீற்றர் என்னும் அவர்களது அளவே பின்னர் உலக அளவாயிற்று. வங்காளக் குதிரைப்படையும் சென்னைச் சுதேசக் காலாட்படையும் அப்பெட்டிகளில் இடம்பெற்றன. ஆயினும் எசமானரின் படைவரிசையில் ஓரணியாகவே அவர்கள் அங்கு நின்றனர். போர் நிகழுந்தோறும் புதிய பெட்டி வெளிவரும். தென்னாபிரிக்கப் போரின்போது போயர் வந்தனர். 1935இல் இத்தாலி அபிசீனியாமீது படையெடுத்தபோது இருபக்கத்துப் படைகளும் கடைக்கு வந்தன. செய்தித்தாளும் பொம்மைக்கடையும் ஒரே வேகத்தில் இயங்கின எனலாம்.

வின்ஸ்டன் சேர்ச்சில் சிறுவராயிருந்தபோது ஏறத்தாழ 1,500 வீரர்களை வைத்திருந்தமையை அவரே 1930இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில் எழுதியுள்ளார். அனைவரும் ஒரே அளவினர், அனைவரும் பிரித்தானியர். எதிரிப்படையைத் தம்பி ஜாக் நடத்தவேண்டும், அவனுக்குக் கறுப்பு நிறத்தவரையே வைத்துக்கொள்ள அனுமதி, பீரங்கி வைத்திருத்தலாகாது. பேரரசொன்றின் போர்முறையை ஒரு பிள்ளைகளின் அறை இவ்வளவு சுருக்கமாகக் கூறிவிடுகின்றது. ஒருநாள் தந்தையார் றன்டோல்ப் பிரபு வந்து அப்படையை இருபது நிமிடம் கூர்ந்து நோக்கி, இராணுவத்திற் சேர விருப்பமா என்று கேட்டார். தம் போராற்றலைத் தந்தை கண்டுகொண்டார் எனச் சிறுவர் மகிழ்ந்து இசைந்தார். சட்டத்தொழிலுக்கு வேண்டிய மதி மகனுக்கு இல்லை என்றே தந்தை முடிவுகட்டினார் என்பது பின்னரே தெரியவந்தது.

நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1911இல் தரைவிளையாட்டுகள் பற்றியும் 1913இல் சிறுபோர்கள் பற்றியும் இரு நூல்களை வெளியிட்டார். பிரிட்டன் நிறுவனத்தாரின் விற்பொறிப் பீரங்கி ஓர் அங்குல மரக்குண்டைக் குறிதவறாது எறியவல்லதாயிருந்தமையே இரண்டாம் நூலுக்குத் தோற்றுவாய். நகர்தலுக்கு அளவுகோல், நேரத்துக்குக் கடிகாரம், கைகலப்புக்குக் கணக்கு என விதிகள் வகுத்த அவர், நூலின் இறுதியில் தம் கருத்தை மறைக்கவில்லை: மூன்று நான்கு முறை சிறுபோர் ஆடிய எவரும் பெரும்போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்வர், படைத்தலைவர்களையும் போர்வெறியரையும் ஓர் அறையிற் பூட்டி ஈயவீரரைக் கொடுத்துவிடுதல் நன்று என்பது அவர் துணிபு. அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது.

ஜேர்மனியில் இதற்கிடையே மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கம்பிச்சட்டத்தின்மேல் அச்சிடும் முறை தோன்றியது. கவுசர் குடும்பத்தாரின் எலாஸ்ற்றொலின் பாவைகள் இவ்வகையின. நாட்சியர் ஆட்சிக்காலத்தில் தலைவர்களின் உருவங்களும் வணக்கஞ்செய்யும் அசையும் கையுடன் வெளிவந்தன. வீட்டின் தரையிலே அணிவகுப்பு நடத்திய சிறுவன் சில ஆண்டுகளில் உண்மையான அணிவகுப்பிற் சேர்ந்தான். பாவை அவனைப் போர்வீரனாக்கியது எனத் துணிந்து கூற இயலாது. ஆட்சியாளர் பாவைகளையும் விட்டுவைக்கவில்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

பிளாஸ்டிக்கின் வருகை இத்துறையைத் தலைகீழாக்கியது. அமெரிக்காவிற் பெற்றன் என்ற பெயருடன் 1938இலேயே பிளாஸ்டிக் வீரர் விற்கப்பட்டனர். எனினும் இரண்டாம் உலகப்போரின் பின்னரே அது வேரூன்றியது. உருகிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்துவர். அச்சு வெட்டுதற்குப் பெருஞ் செலவு. ஆனால் வெட்டியபின் ஒரு வீரனின் விலை காசுக்கும் கீழே. இங்கிலாந்தில் றோய் செல்வின் சிமித் என்னும் சிற்பி உருவமைத்த ஹெறால்ட் வீரர் 1950களில் வெளிவந்தனர். ஈயவீரரின் விறைப்பு நீங்கி, ஓடுவோரும் முழந்தாளிடுவோரும் எறிவோருமாக அவர்கள் உயிர்த்தோற்றம் காட்டினர். பிரிட்டன் நிறுவனம் போட்டியிடாது அதனையே வாங்கிவிட்டது. ஈயத்தின் நஞ்சுபற்றிய அச்சம் வளரவே, 1966இல் அந்நிறுவனம் ஈயவீரர் வார்த்தலை அறவே கைவிட்டது.

சேகரிப்போரின் உலகை விரித்தது எயார்பிக்ஸ் நிறுவனம். 1959இல் காவற்படை வாத்தியக்குழுவொன்றில் தொடங்கிய அவர்களது சிறுபெட்டிகளில் நாற்பதுக்கு மேற்பட்ட குறுவீரர் அடங்கினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடபடையும் தென்படையும், உரோமரும் பழம்பிரித்தானியரும், வாஷிங்ரனின் படையும் அடுத்தடுத்து வந்தனர். பள்ளிச்சிறுவனொருவன் தன் கைச்செலவுப் பணத்தில் ஒரு படையணியைத் திரட்டல் வரலாற்றில் இதுவே முதன்முறை. டொனால்ட் பெதர்ஸ்ற்றோன் 1962இல் வெளியிட்ட போர்விளையாட்டு நூல் இச்சிறுவீரரைக் களத்தில் எவ்வாறு நகர்த்துவது எனக் கற்பித்தது. அமெரிக்காவில் லூயி மாக்ஸ் நிறுவனம், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961 முதல் 1965 வரை நடந்த காலத்தில், நீலப்படையையும் சாம்பற்படையையும் வீடு, பாலம், பீரங்கி யாவற்றுடனும் பெரும் பெட்டியில் விற்றது. படக்கதை இதழ்களின் பின்பக்கத்தில் ஒரு டொலருக்கு நூறு வீரர் என விளம்பரம் வரும். பணமனுப்பிய சிறுவர், படத்திற் கண்ட திரண்ட வீரரை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தால், உள்ளே கிடந்தவை மெல்லிய தட்டை உருவங்கள். நூரம்பேர்க்கின் தட்டை வீரன் பிளாஸ்டிக்கில் மறுபிறப்பெடுத்த வரலாறு இது. ஏமாந்த சிறுவர்க்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

வாட்டர்லூவும் பிளாஸ்டிக்கில் வந்தது. 1970களில் எயார்பிக்ஸ் அப்போருக்குரிய பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியிட்டது. சைபோர்ண் எட்டு மாதம் தங்கிய லா ஹே சாந்த் பண்ணைவீடும் ஒட்டியமைக்கும் பிளாஸ்டிக் பகுதிகளாகக் கிடைத்தது. கைலாந்தர் வந்தனர், பிரெஞ்சுக் குதிரைப்படை வந்தது, பிரித்தானியக் காலாட்கள் வந்தனர். பிரசியக் காலாட்படையோ, அப்பத்தாண்டின் பிற்பகுதியில், ஏனையோர் எல்லாம் வந்தபின்னரே கடைக்கு வந்தது. அதுவரை மேசைகளின்மேல் நடந்த எத்தனையோ வாட்டர்லூப் போர்களைச் சிறுவர் பிரசியரின்றியே வென்றனர், அன்றித் தோற்றனர். சொமர்செற் பிரபு கடிதம் எழுதிச் சாதித்ததை வணிக அட்டவணை எவருடைய தூண்டுதலுமின்றிச் சாதித்தது.

எப்போரை விற்பது என்னும் தேர்விலே ஒரு வரலாற்றுத் தீர்ப்பு மறைந்துகிடக்கின்றது. நெப்போலியப் போர்களும் அமெரிக்க உள்நாட்டுப் போரும் இரண்டாம் உலகப்போரும் நூறு வடிவில் வந்தன. குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போர்கள் பலவற்றுக்கு ஒரு பெட்டிதானும் இல்லை. காயமுற்றோரும் தூக்குப்படுக்கை சுமப்போரும் அரியர்; அகதிகள் இல்லவே இல்லை. சேகரிப்போருள் நுணுகி ஆராய்வோர் இக்குறையை உணர்ந்தே உள்ளனர். உரிய உருவம் கிடையாதவிடத்து, ஒரு வீரனின் தலையை வெட்டி இன்னொருவனின் உடலில் ஒட்டி, மெழுகும் பசையும் கொண்டு உடையை மாற்றித் தமக்கு வேண்டிய படையைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். ஒரு பித்தானின் நிறத்துக்காகப் பழைய படையாணைகளைத் தேடிப் படிப்போரும் உளர். பிரித்தானிய மாதிரிவீரர் கழகம் 1935இலேயே நிறுவப்பட்டது. அத்தகைய கழகங்களின் இதழ்களில் வெளிவந்த சீருடை ஆராய்ச்சிகள் சில, கற்றோரின் வெளியீடுகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தனவல்ல.

வியட்நாம் போரைத் தொலைக்காட்சியிற் கண்ட அமெரிக்கப் பெற்றோர் பலர் போர்ப்பொம்மைகளை வெறுத்தனர். 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை உயர்த்தியது. 1979க்கும் 1983க்கும் இடையில் ரிம்போ, மாக்ஸ், எயார்பிக்ஸ், கவுசர் ஆகிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன அல்லது கைமாறின. பச்சை நிறத்து அமெரிக்கச் சிறுவீரன் மட்டும் மலிவினால் உயிர்தப்பினான்; 1995இல் திரைப்படத்தில் தோன்றிப் புத்துயிர் பெற்றான்; 2014இல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டுப்பொருள் மண்டபத்தில் இடம்பெற்றான். 2019இல் ஆறு வயதுச் சிறுமியொருத்தி, படையிற் பெண்களும் இருக்கையில் பொம்மைகளில் ஏன் இல்லை என்று உற்பத்தியாளர்க்குக் கடிதம் எழுதினாள். மறு ஆண்டே ஒரு நிறுவனம் பெண்வீரர்களை வெளியிட்டது. படைத்துறை வரலாற்றாசிரியர் பலர் கேளாத வினா அது.

பெருந்தொகுப்புகளின் கதி பலவாறானது. அமெரிக்கச் செல்வர் மல்கம் போப்ஸ் மொறொக்கோவின் தாஞ்சியர் நகர மாளிகையில் இலட்சத்துக்கு மேற்பட்ட வீரரைக் காட்சிக்கு வைத்திருந்தார்; 1990இல் அவர் மறைந்தபின் அப்படை ஏலத்தில் கலைந்தது. ஜேர்மனியின் குல்ம்பாக் நகரில், பிளாசன்பேர்க் கோட்டையிலுள்ள வெள்ளீயப் பாவை நூதனசாலையில் ஏறத்தாழ 300,000 உருவங்கள் உள. இசுப்பானியாவின் வலென்சியாவில் உள்ள நூதனசாலையோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை உடையதெனக் கூறிக்கொள்கின்றது.

பிளாஸ்டிக் வீரரைச் சேகரித்தோர் எதிர்பாராத பகையொன்றைச் சந்தித்துள்ளனர். ஈயம் ஈரத்தாலும் சிலவகை மரப்பெட்டிகளின் ஆவியாலும் வெண்பொடியாகி உதிரும் என்பது முன்பே தெரிந்தது. பிளாஸ்டிக் என்றும் அழியாது என நம்பினர். 1960களிலும் 1970களிலும் வார்த்த பொலித்தீன் வீரர் பலர் இன்று வரண்டு, தொட்டவுடன் துவக்கும் கணுக்காலும் முறிந்து விழுகின்றனர். வெயில் படாத பெட்டிகளில் அவற்றை வைத்துக் காக்கின்றனர். பழைய அச்சுகளை விலைக்கு வாங்கி மறுபடியும் வார்த்து விற்போரும் தோன்றியுள்ளனர். அவ்வாறு வார்த்த வீரனுக்கு முந்தியவனின் அதே முகம், அதே மடிப்புச் சட்டை. நிறத்திலும் பிளாஸ்டிக்கின் மென்மையிலும் சிறு வேறுபாடு. முதலச்சு எது, மறுவார்ப்பு எது என அறிதற்கு ஒளியிற் பிடித்தும் வளைத்தும் மோந்தும் பார்க்கின்றனர். ஒன்றின் விலை மற்றதன் விலையினும் பன்மடங்கு.